ஏரிக்கரை திரும்பியதும் கேட்கும் சத்தம்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. லீவுக்குத் திண்டிவனம் வந்தால் அவனுடைய பெரியப்பா விட்டுப்போன பழைய அம்பாசிடரின் அடியிலேயே கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கால் மட்டும் ஆடும்.

"அங்கிள், பின்னாடி ஸ்பிரிங்குக்கு புஷ் மாத்தணும். இது ரப்பர், இது பாலி. எத போடலாம்? சொட்டு சத்தம் வரக்கூடாது."

பாலி என்று அவன் சொன்ன பிளாஸ்டிக் சிவப்பாக, மிட்டாய் மாதிரி பளபளவென்று இருந்தது. மோந்து பார்த்தேன், எந்த வாசனையும் இல்லை. மற்றதைப் பிரித்தேன். கறுப்பு ரப்பர். புதுச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும். ஏதோ ஒரு வாசனை வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். என்னை அது செஞ்சி ரோட்டில் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. பையன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். "நாளைக்குச் சொல்றேன்பா" என்று அனுப்பிவிட்டேன். ஒரு புஷ்ஷுக்கு ஒரு நாள் யோசனையா என்று நினைத்திருப்பான்.

புஷ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் நடுவில் கிடக்கும் வளையம் அது. கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக் கோபம் அந்தப் பக்கம் போகாமல் தாங்கிக்கொண்டிருப்பார் பாருங்கள், அந்த உத்தியோகம். அவர் நன்றாக இருக்கிறவரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் அந்த ஏரிக்கரை ஊரில் நான் ஒரு நயினாரிடம் டிரைவராக இருந்தேன். எங்கள் பக்கத்தில் சமணக் குடும்பங்களை நயினார் என்றுதான் சொல்வோம். நிலம், மல்லாட்டை வியாபாரம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செஞ்சிப் பக்கத்து மல்லாட்டையெல்லாம் அவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகும் என்பார்கள். கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். அவர் வண்டியும் அம்பாசிடர்தான், வெள்ளை. பின்சீட்டில் எப்போதும் நாலு மல்லாட்டைத் தோல் கிடக்கும். எத்தனை முறை துடைத்தாலும் கிடக்கும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். படிப்பு வராததால் இல்லை. பயம். கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட ஏன் சிரித்தார் என்று இரண்டு நாள் சோறு இறங்காது. பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் தவறாமல் வந்துவிடும். வீட்டில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, இடம் மாறி வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கேயாவது கடக் என்றால் நிறுத்திவிடுவேன். இறங்கிப் படுத்து, கீழே பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஏறி ஓட்டுவேன். கூட்டேரிப்பட்டு வந்ததும் மறுபடி ஒரு சந்தேகம் வரும். அங்கே டீக்கடைக்காரர் என் முகம் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

"உன்ன வண்டி ஓட்ட வச்சனா, வண்டிக்கு அடியில படுக்க வச்சனா?" என்பார் நயினார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "ஜல்தி ஏறுப்பா. பொழுது போவுது பாரு."

பொழுதுதான் விஷயம். நயினார் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். அவர்கள் வழக்கம் அது. சூரியன் மறைந்தால் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, மறுநாள் காலையில்தான். வெளியிலும் கை நனைக்க மாட்டார். விழுப்புரத்தில் எத்தனை பேர் கூப்பிட்டாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அதுவரைக்கும் சரி. அவருக்கு வயிற்றுப்புண் வேறு இருந்தது. திண்டிவனத்து டாக்டர் என் எதிரிலேயே சொன்னார், ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தால் புண் ஆறவே ஆறாது, ஒருநாள் உள்ளே வெடித்தாலும் வெடிக்கும் என்று. டாக்டர் சொன்னதை நயினார் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் மறந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு கவலை. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியையும் பார்க்க வேண்டும், மேற்கே இறங்கும் சூரியனையும் பார்க்க வேண்டும்.

அவர் வீட்டுக்காரம்மாவை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். பேச்சு குறைவு, பேசினால் எதிராளிக்குப் பதில் இருக்காது. நயினாருக்கு வயிற்றுக்கு ஆகாதது நிறைய. காரம் ஆகாது, புளிப்பு ஆகாது. சாயங்காலத்துக்கு இட்லிதான். அதுவும் ஆவி பறக்க வேண்டும். ஆறின இட்லியைத் தட்டில் பார்த்தால், வேண்டாத விருந்தாளியைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே வண்டி வருகிற நேரத்துக்குச் சரியாக இட்லிப்பானை அடுப்பில் இருக்க வேண்டும். ஊரில் அப்போது போன் கிடையாது. வண்டி ஒருநாள் சீக்கிரம் வரும், ஒருநாள் பொழுது பனைமரத் தலையில் நிற்கும்போது வரும். அம்மா எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, நயினார் கால் கழுவிவிட்டு வந்து உட்காரும்போது துணியிலிருந்து இட்லியை எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் தாழ்வாரத்தில் ஒரு தட்டு வரும். இது எப்படி நடக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், அடுப்பு எரிவதைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை பாருங்கள்.

நான் கவலைப்பட்டதெல்லாம் ஒரு சத்தத்துக்கு. எனக்கு முன்னால் இருந்த டிரைவர் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்குகளுக்கு லேத்தில் கடைந்த நைலான் புஷ் போட்டிருந்தார். நைலான் தேயாது. ஆனால் கத்தும். தார் ரோட்டில் போகும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கும். மெயின் ரோட்டை விட்டு ஏரிக்கரை மண்பாதையில் திரும்பியதும் ஆரம்பிக்கும். கீச்... கீச்ச்... பள்ளத்துக்குப் பள்ளம், பக்கத்துக்குப் பக்கம். ஏரியில் தண்ணீர் இருந்தால் அந்தச் சத்தம் தண்ணீர் மேலேயே நடந்து அக்கரைக்குப் போகும். கரையில் உட்கார்ந்த கொக்கு எழும். எனக்கு யாரோ வலி தாங்காமல் முனகுகிற மாதிரி கேட்கும். ராத்திரி கண்ணை மூடினால் ஸ்பிரிங் உடைந்து வண்டி ஏரிக்குள் இறங்கும்.

"காதர் பாய், இந்த சத்தத்த நிறுத்திக் குடுங்க. தூக்கமே வர்ல" என்று திண்டிவனத்தில் மெக்கானிக்கிடம் போய் நின்றேன்.

காதர் பாய் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு வந்தார். "சத்தம் வந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுபா. கத்துற மாமியாரு, கடிக்க மாட்டா."

"இல்ல பாய், பேஜாரா இருக்குது."

"அப்ப ரப்பர் போடு. மெத்துனு இருக்கும். வருசத்துக்கு ஒருவாட்டி மாத்தணும். பித்தளை கூட போடலாம், கிரீஸ் வச்சிகினே இருக்கணும். உங்க நயினாரு முதுகு தாங்காது."

நயினாரிடம் கேட்டேன். அவர் அப்போது மல்லாட்டை ஒன்றை உடைத்துப் பருப்பை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "எத போட்டா நீ கீழ படுக்காம ஓட்டுவியோ அத போடு" என்றார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் ரப்பர் புஷ் பொறுக்கினதைக் கடைக்காரர் சாகும்வரை மறந்திருக்க மாட்டார். பொண்ணு பார்க்கப் போனவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். நகத்தால் அழுத்தினேன். அழுத்தின குழி மேலே வருகிறதா என்று பார்த்தேன். மோந்தேன். தரையில் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்தேன். "கடிச்சும் பாத்துடு, அது ஒண்ணுதான் பாக்கி" என்றார் கடைக்காரர். சொன்னால் சிரிப்பீர்கள், கடித்தும் பார்த்தேன்.

போட்டாயிற்று. அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் திரும்பினேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டி பாய் விரித்த தரையில் நடக்கிற மாதிரி போனது. தண்ணீரில் கொக்கு அசையாமல் நின்றது. அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. அன்றைக்கென்று ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் எங்களை நிறுத்தி வைத்திருந்தது. பொழுது பனைமரத்துக்குக் கீழே வந்துவிட்டது. சில நிமிஷம்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு நேரம் இருந்தாலே எப்போதும் போதுமாக இருந்திருக்கிறது.

நயினார் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது, வழக்கத்துக்கு மாறாகப் பதறி.

"வந்துட்டிங்களா? எப்ப வந்திங்க? வண்டி சத்தமே கேக்கலியே! நான் பானையே வைக்கலியே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மோட்டார் சத்தம் என்றால் சுற்றிலும் கழனிகளில் பம்புசெட்டு ஓடிக்கொண்டே இருக்கும்; அதில் ஒரு மோட்டார் தனியாகக் காதில் விழாது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கீச்சை. வண்டி ஏரிக்கரையில் திரும்பியதும் கீச் என்று வரும். அம்மா பானையை ஏற்றுவார்கள். வண்டி பள்ளம் பள்ளமாக ஊர்ந்து கரையைச் சுற்றி வந்து நிற்பதற்கும் இட்லி வேகுவதற்கும் சரியாக இருக்கும். நான் கழற்றிப் போட்டது அவர்கள் கடிகாரத்தை.

அடுப்பை ஊதி ஊதி மூட்டினார்கள். மதியத்துச் சோறு இருக்கிறது, அதையாவது என்றார்கள். நயினார் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தார். வானம் வெறும் சிவப்பாக இருந்தது. வாய் கொப்பளித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். உள்ளே இட்லிப்பானை அப்போதுதான் ஆவி விட ஆரம்பித்தது. அந்த வாசனையோடு நான் வாசலில் நின்றதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். தாழ்வாரத்தில் எனக்குத் தட்டு வந்தது. வேண்டாம் என்றேன். "நீ ஏன் பட்டினி கெடக்குற? உனக்குப் பொழுது எப்ப சாஞ்சா இன்னா?" என்று அம்மா வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் நயினாரால் எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, இன்னொரு முறை இப்படி ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள், நேராகப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நயினாரே ஒரு யோசனை சொன்னார். "ஏரிக்கரையில திரும்புனதும் ஹாரன் அடிப்பா. முடிஞ்சிது வேல."

அடித்தேன். நீளமாக அடித்தேன். உள்ளே போனால் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுக்களை முழுக்கத் தட்டு தட்டாக இட்லி. மெயின் ரோட்டில் போகிற ஒவ்வொரு ஹாரனுக்கும் பானையை ஏற்றியிருக்கிறார்கள்.

"நெல்லு லாரிக்கு ஒரு ஈடு ஊத்தனேன். கல்லு லாரிக்கு ஒரு ஈடு ஊத்தனேன். செஞ்சி பஸ்ஸுக்கும் ஊத்திட்டேன். அதுல வந்தவங்க யாரும் சாப்புட வர்ல. மாவு தீந்துபோச்சி. இனிமே நீங்க வந்து இன்னா, போயி இன்னா" என்றார்கள். நயினார் சிரிக்கக்கூடாது என்று துண்டால் வாயை மூடிக்கொண்டு, லாரிக்காரன் இட்லி ஒன்றை ஆறிப்போயிருந்தும் எடுத்துச் சாப்பிட்டார். ஆறின இட்லி அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"டிரைவர் தம்பி, வண்டியில எதுனா கழட்டிப் போட்டியா?"

"சத்தம் வந்துதும்மா. புஷ் மாத்தனேன்."

"அது பாட்டுக்குக் கத்திக்கினு இருந்தா உனக்கு இன்னாப்பா? அதையே போட்டுடு."

சொல்வது சுலபம். எனக்கு அந்த நிம்மதி கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏரிக்கரையில் கொக்கு எழாமல் நின்றது கண்ணிலேயே இருந்தது. ஆனால் நயினார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததும் கண்ணில் இருந்தது. காலையில் முதல் வேலையாகக் காதர் பாய் ஷெட்டில் போய் நின்றேன்.

"அந்த நைலான் புஷ்ஷ திரும்பப் போட்டுடுங்க பாய். சத்தம் வேணும்."

காதர் பாய் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "எல்லாரும் சத்தம் போவணும்னு வருவான். நீ சத்தம் வேணும்னு வர்ற. உடம்புக்கு இன்னாபா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "புதுசா கடைஞ்சி போட்டா ஆறு மாசத்துக்கு வாயே தொறக்காது. புதுப்பொண்ணு மாதிரி. தேஞ்ச பழசுதான் பேசும்" என்றார். பிறகு இரண்டு பேரும் அவருடைய கழிவு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினோம். ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்தது. ஆகவே வலது பக்கம் மெத்தென்ற ரப்பர், இடது பக்கம் தேய்ந்த நைலான். இப்படி ஒரு வண்டி உலகத்தில் ஓடியிருக்காது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், வண்டி சாயும், அச்சு வளையும் என்று எனக்குப் புதிதாக ஒரு மூட்டை கவலை. சாயங்காலம் ஏரிக்கரையில் திரும்பினேன். கீச் என்றது. கொக்கு எழுந்தது. பின்சீட்டில் நயினார், "தோ, பானைய ஏத்திட்டா" என்றார், மணி அடித்துவிட்டார்கள் என்கிற மாதிரி.

அம்மா இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்கள்: "ஒரு பக்கம்தான் பாடுது. பரவால்ல, போதும்."

அதற்குப் பிறகு நயினார் ஒருநாள்கூட வெறும் வயிற்றோடு படுக்கவில்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கவலை போகவில்லை. ஆனால் அந்தக் கீச்சுக்கு நான் பயப்படுவது நின்றுவிட்டது. அது வந்தால் அடுத்தது ஆவி, இட்லித்துணி வாசனை, பித்தளைச் சொம்பில் தண்ணீர் என்று மனசு தானாக வரிசையாக அடுக்கிக்கொள்ளும். விழுப்புரத்தில் வெயிலில் நிற்கும்போதே அந்தச் சத்தத்துக்காக ஏங்க ஆரம்பித்தேன் என்றால் நம்புவீர்களா?

சில வருஷம் அப்படி ஓடியது. ஒரு தை மாதம் நயினார் காலமானார். வயிறு இல்லை, நெஞ்சு. காலையில் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த மகன், வண்டியை விற்றுவிடலாம், அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றார். பொம்மையார்பாளையத்தில் கடற்கரையோரம் விடுதி வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முன்னால் திண்டிவனத்தில் வண்டியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்கள். போய்விட்டு, தனியாகத் திரும்பினேன். பொழுது பனைமரத் தலையில் நின்றது. ஏரிக்கரையில் திரும்பினேன். கீச்.

வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுக்க உள்ளே போனேன். அடுக்களையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அம்மா இட்லிப்பானைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். கூடத்தில் தட்டு போட்டு, சொம்பில் தண்ணீர் வைத்திருந்தது. என்னைப் பார்த்தார்கள். பிறகு பானையைப் பார்த்தார்கள்.

"காது கேட்டுதுப்பா. கை போயி வச்சிடுச்சி" என்றார்கள்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகன் பின்கட்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தார்கள்.

"இன்னும் இருட்டல. உக்காரு."

தாழ்வாரத்துக்குப் போகப் பார்த்தேன். "இங்கியே உக்காரு" என்றார்கள். நயினார் உட்காரும் இடத்தில், அவர் தட்டில், வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்தேன்.

பொம்மையார்பாளையத்துக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இடது பக்கம் என்னமோ கத்துது, மாத்தணும்" என்பதுதான். கழற்றின பிறகு அந்தப் பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சென்னையில் அத்தனை வண்டிச் சத்தத்துக்கு நடுவில் எந்தச் சத்தத்துக்கு எதை ஏற்றினார்களோ, எனக்குத் தெரியாது. பிறகு பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஏரிக்கரைக்குத் தார் போட்டுவிட்டார்கள். பள்ளம் ஒன்றுகூட இல்லை. பம்புசெட்டெல்லாம் கரண்டு மோட்டார் ஆகித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, சத்தமே இல்லை. கொக்கு இருக்கிறது. என் மகள் வேலை முடிந்து எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்பதைப் போனில் ஒரு நீலப்புள்ளி காட்டுகிறது. நல்லதுதான், என்னைப் போல ஒருத்தனுக்கு அது தேவைதான். அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து, அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்க நான் மறந்துவிடுகிறேன் என்று திட்டுகிறாள்.

பையனுக்கு ரப்பரே போடச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டதற்கு அதுதான் சரியான பதில். நேற்றுச் சாயங்காலம் மாட்டிவிட்டு, ஓட்டிக் காட்ட என் வீட்டுக்கே கொண்டுவந்தானாம். நான் உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டி வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. ஹாரன் அடித்தான். இரண்டாவது முறையும் அடித்தான். ஏதோ பஸ் போகிறது என்று நினைத்து நான் எழுந்திருக்கவே இல்லை.